பெயரை வெளியிடுவோம், பாலினத்தை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த மாதம் என் தம்பி மகளுக்கு ஏழாம் மாத வளைகாப்பு நடத்துவதற்காகப் பாளையங்கோட்டையில் ஒரு விழா ஏற்பாட்டாளரை அணுகினோம். அவர் கொடுத்த விலைப்பட்டியலில் மேடை அலங்காரம், வளையல் தட்டுகள், ஐந்து வகைச் சாதம் ஆகியவற்றுக்குக் கீழே ‘ஜெண்டர் ரிவீல்’, அதாவது வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று விருந்தில் அறிவிப்பது, என்று ஒரு வரி இருந்தது. வெட்டினால் உள்ளே ஆணுக்கு நீலமோ பெண்ணுக்கு இளஞ்சிவப்போ தெரியும் கேக், அதே நிறத்தில் புகை கக்கும் குழல், உடைத்தால் வண்ணப்பொடி சிதறும் கறுப்புப் பலூன், இவற்றையெல்லாம் படம்பிடிக்க இரண்டு பேர் என அந்த ஒரு வரிக்குள் பல செலவுகள் அடங்கியிருந்தன. “டாக்டர் எழுதிக் கொடுத்ததை ஒரு கவர்ல போட்டு எங்ககிட்ட மட்டும் கொடுத்திருங்க, உங்களுக்கே தெரியாம நாங்க பாத்துக்கிடுதோம்” என்றார் அந்த இளைஞர். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நம் நாட்டில் எந்த மருத்துவரும் அப்படி ஒரு காகிதத்தை எழுதிக் கொடுக்க முடியாது என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அம்பாசமுத்திரம், முக்கூடல் பக்கத்துக் கிராமங்களில் 30 ஆண்டுகளுக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு, அந்த விலைப்பட்டியலைக் கண்ட நாள் முதல் மனம் ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

இந்த வழக்கம் தொடங்கிய இடத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு ஜென்னா கார்வுனிடிஸ் என்ற பெண், அதற்கு முன் கருச்சிதைவுகளால் மனம் நொந்திருந்தவர், இந்த முறை கரு நிலைத்த மகிழ்ச்சியில் உறவினரைக் கூட்டி, உள்ளே இளஞ்சிவப்பு நிறம் பூசிய கேக்கை வெட்டினார். அதை அவர் எழுதப்போக, ஊர் ஊராகப் பரவியது. அங்கே அது சட்டத்துக்கு உட்பட்டது. கர்ப்பத்தின் பத்தாவது வாரம் அளவில் எடுக்கப்படும் இரத்தப் பரிசோதனையிலோ, இருபதாவது வாரம் அளவில் எடுக்கப்படும் ஸ்கேனிலோ பாலினத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆயினும் 2019இல் அதே பெண், தான் தொடங்கிவைத்ததைக் குறித்து வருத்தம் தெரிவித்தார். கேக் வெட்டி அறிவித்த அந்த மகளே ஆண்கள் அணியும் கோட்டு சூட்டை விரும்பி உடுத்துபவளாக வளர்ந்திருக்கிறாள் என்றும் எழுதினார். 2020 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் இத்தகைய ஒரு விருந்துக்காகக் கொளுத்திய புகைக்குழலிலிருந்து தொடங்கிய எல் டொராடோ காட்டுத்தீ 22,000 ஏக்கருக்கு மேல் எரித்து, ஒரு தீயணைப்பு வீரரின் உயிரையும் கொண்டுபோயிற்று. தென்னங்கிடுகு வேய்ந்த பந்தலுக்கு அடியில், சித்திரை வெயிலில், நிறைசூலிப் பெண்ணின் முகத்துக்கு நேரே அதே குழலைக் கொளுத்த நாம் ஆசைப்படுவதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆனால் தீயைவிடப் பெரிய காரணம் வேறொன்று. கருவின் பாலினத்தைக் கண்டறிவதையும் தெரிவிப்பதையும் தடை செய்யும் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு, 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்து, 2003இல் மேலும் இறுக்கப்பட்டது. கர்ப்பிணிக்கோ அவருடைய உறவினருக்கோ வேறு எவருக்குமோ, சொல்லாலோ சைகையாலோ வேறு எந்த விதத்திலுமோ பாலினத்தைத் தெரிவிக்கக் கூடாது என்பது அதன் வாசகம். கேக்கின் நிறமும் ஒரு சைகைதான் என்று நான் கருதுகிறேன். கேட்டுப் போகிறவருக்கு முதல் முறை மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. இந்தப் பரிசோதனைக்கு விளம்பரம் செய்தாலும் தண்டனை உண்டு. அதே சட்டம், வேறு விதமாக நிரூபிக்கப்படாத வரை, கர்ப்பிணி கணவரின் அல்லது உறவினரின் கட்டாயத்தால்தான் பரிசோதனைக்கு உட்பட்டார் என்று நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்கிறது. பெண்ணின் நிலையை அறிந்தவர்கள் எழுதிய சட்டம் அது. வெளிநாட்டில் பார்த்துவிட்டு வந்து இங்கே விருந்து வைத்தால் பாதகமில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். துபாயில் பரிசோதனை செய்துவிட்டு வந்து, அறிவிப்பு விருந்தின் காணொளியை வெளியிட்ட ஒருவருக்கு 2024 மே மாதம் நம் மாநிலச் சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியது. அந்தக் காணொளி நீக்கப்பட்டது.

இந்தச் சட்டம் ஏன் வந்தது என்பதை இளைய தலைமுறை மறந்துகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 1992இல், பெண் சிசுக்கொலையைத் தடுக்க, வேண்டாமென்று விடப்படும் குழந்தைகளை அரசே ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்க வேண்டிய நிலை இருந்தது. நம் திருநெல்வேலிச் சீமை அந்த அளவுக்குப் போகவில்லை என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்வது உண்டு. தென்காசி பிரியாதிருந்த 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், இம்மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 1,023 பெண்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் அதே கணக்கெடுப்பில், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், மாநிலம் முழுவதற்கும் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகளே இருந்தார்கள். நான் பணியில் இருந்த நாட்களில் பிள்ளைத்தாச்சிகளுக்கு எடை பார்க்கும்போது, மற்றவர்கள் போன பின் தயங்கி நின்று, “இது என்ன பிள்ளைன்னு பாக்கதுக்கு எங்கெயாவது வழி இருக்கா அக்கா?” என்று கேட்ட பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருத்திகூடத் தன் ஆசைக்காகக் கேட்கவில்லை; வீட்டில் கேட்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். “எனக்கே தெரியாது, டாக்டருக்கும் சொல்ல அதிகாரம் இல்லை” என்று நான் சொன்னபோது, அவர்களில் பலருடைய முகத்தில் ஏமாற்றம் தெரியவில்லை, ஒரு நிம்மதிதான் தெரிந்தது. அந்தப் பதிலை அப்படியே மாமியாரிடம் போய்ச் சொல்லிவிடலாம் அல்லவா? ஸ்கேன் நிலையங்களில் மாட்டியிருக்கும் அறிவிப்புப் பலகை பலருக்குச் சுவர் அலங்காரமாகத் தெரியலாம். எனக்கு அது அந்தப் பெண்கள் முதுகைச் சாய்த்துக்கொண்ட சுவர்.

பரிசோதனை இல்லாமல் வெறுமனே யூகித்து விளையாடினால் என்ன என்று என் தம்பி மகள் கேட்டாள். சட்டப்படி அதில் தவறில்லை. வயிறு உருண்டிருந்தால் பெண், கூம்பியிருந்தால் ஆண் என்றும், மசக்கையில் புளிப்பைத் தேடுகிறாளா இனிப்பைத் தேடுகிறாளா என்றும் நம் ஆச்சிமார் சொல்லாததா? ஆனால் நான் அவளிடம் ஒரு பழைய சம்பவத்தைச் சொன்னேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் உறவில் ஒரு வளைகாப்பில் இரண்டு கலயங்களை வைத்து, வருகிறவர்கள் ஆளுக்கொரு புளியங்கொட்டையை ‘ஆண்’ கலயத்திலோ ‘பெண்’ கலயத்திலோ போட வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். அந்த யோசனையைச் சொன்னவள் நானே. கடைசியில் சுளகில் கொட்டிப் பார்த்தபோது ஒரு கலயத்தில் கை நிறையக் கொட்டைகள்; மற்றதில் விரல்விட்டு எண்ணும்படியாக ஏழோ எட்டோ. ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாயான அந்தப் பெண், கை நிறைய வளையல்களோடு, அந்தச் சுளகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மூத்த மகள், ஆறு வயதுப் பிள்ளை, பக்கத்தில் நின்று கொட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தது. அந்த விளையாட்டை நான் இனி எந்த வீட்டிலும் அனுமதிக்க மாட்டேன்.

அப்படியானால் புதுமையாக ஒன்றும் செய்யக் கூடாதா என்றால், நிச்சயமாகச் செய்யலாம். என் தம்பி மகளும் நானும் ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்தோம். நீலமும் இளஞ்சிவப்பும் நம் ஊர் நிறங்கள் அல்ல. ஆணுக்கு இன்னது, பெண்ணுக்கு இன்னது என்று நம் பாட்டிமார் நிறம் பிரித்துத் துணி வாங்கியதில்லை. எந்தப் பிள்ளைக்கும் அம்மையின் பழைய சேலைதான் தொட்டில். ஆகவே நம் ஆற்றையே கருப்பொருளாக எடுத்துக்கொண்டோம். பொதிகை மலையில் பிறந்து, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலைச் சேரும் தாமிரபரணியில், ஒன்பது மாதத்துக்கு ஒன்பது கரையூர்களும், பத்தாவதாகக் கடலும் என்று கணக்கு வைத்தோம். எங்கள் வீட்டுப் பட்டாசல் (கூடம்) முழுவதும் மாக்கோலத்தில் ஆறு வளைந்து ஓடியது. பாபநாசம், அம்பாசமுத்திரம், முக்கூடல், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, சீவலப்பேரி, முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு அகல் விளக்கும் ஒரு பனையோலைக் கொட்டானும் வைத்தோம். அம்பாசமுத்திரக் கொட்டானில் அம்பை 16 நெல், திருநெல்வேலியில் அல்வா, ஸ்ரீவைகுண்டத்தில் வாழைப்பழம், ஆத்தூரில் வெற்றிலை. சேரன்மகாதேவிக்கு அருகில் பத்தமடைப் பாயை விரித்து, முதுகுக்குத் தலையணை வைத்துப் பெண்ணை உட்காரவைத்தோம். ஏழு மாத வயிற்றோடு அவளை மணிக்கணக்கில் மேடையில் நிற்கவைக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. கால் வீங்கும், இடுப்பு வலிக்கும். எனவே அவள் இருந்த இடத்தில் இருக்க, ஒவ்வோர் ஊரிலும் நின்ற பெண்கள் ஆற்றோடு நடந்து வந்து, சந்தனம் பூசி, வளையல் அடுக்கினார்கள். அவளுடைய கணவர் வீட்டார் தென்காசிப் பக்கம். சிற்றாறு வந்து தாமிரபரணியில் கலக்கும் இடம் சீவலப்பேரி என்பதால் அவர்கள் எல்லோரையும் அங்கே நிறுத்தினோம். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அது அவ்வளவு பிடித்துப்போயிற்று; குற்றாலத்துத் தண்ணீர் ஒரு செம்பு கொண்டுவந்திருக்கலாமே என்று பலமுறை சொன்னார்.

யூகிக்கும் விளையாட்டையும் விடவில்லை. பிள்ளை எந்த நாளில் பிறக்கும், எத்தனை கிலோ இருக்கும், பகலா இரவா, யாருடைய மூக்கு வாய்க்கும் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதிப் போடச் சொன்னோம். எடையைப் பற்றிய பேச்சு வந்ததும், இரண்டரைக் கிலோவுக்குக் குறையாமல் பிள்ளை பிறக்கத் தாய் என்ன சாப்பிட வேண்டும், இரும்புச்சத்து மாத்திரையை ஏன் விடக் கூடாது என்று நான் ஒரு கால் மணி நேரம் பேசினேன். வளைகாப்பில் பாடம் எடுக்கிறாள் என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. பிறந்தவுடன் பிள்ளையின் நாவில் இனிப்பு தொட்டுச் சேனை வைக்கலாமா என்று ஒரு பெரியம்மை கேட்டார், தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று அங்கேயே சொல்ல முடிந்தது.

பத்தாவது இடமான புன்னைக்காயலில் மூடிபோட்ட ஒரு ஓலைப்பெட்டியை மட்டும் வைத்து, அதன் முன்னிருந்த விளக்கை ஏற்றாமல் விட்டோம். பிள்ளைக்கு வைக்கப்போகும் பெயரைத் தாயும் தந்தையும் எவருக்கும் சொல்லாமல் ஓலை நறுக்கில் எழுதி அந்தப் பெட்டியில் போட வேண்டும்; பிள்ளை பிறந்து முப்பதாம் நாள் சடங்கு கழித்துப் பேர் விடும் அன்று, அதை உறியில் கட்டித் தொங்கவிட்டு, தாய்மாமன் அவிழ்க்க வேண்டும். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதும், தெரிந்தவுடன் குலவையிட்டு மகிழ்வதும்தானே அந்த வெளிநாட்டு விருந்தின் சுவை? அந்தச் சுவை முழுவதும் இதிலும் இருக்கிறது. அதோடு, அப்போது தாய் பிழைத்தெழுந்து, பிள்ளை கையில் இருக்கும்.

தங்கள் நாளிதழ் வழியாக இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஸ்கேன் நிலையங்களில் இருக்கும் அதே அறிவிப்பைத் திருமண மண்டபங்களிலும் வைக்கச் சொல்லி மாவட்டச் சுகாதார அதிகாரிகள் ஆணையிட வேண்டும். விழா ஏற்பாட்டாளர்களை ஒரு நாள் அழைத்துச் சட்டத்தை விளக்கினால், நான் பார்த்த அந்த இளைஞரைப் போன்றவர்கள் தாமாகவே அந்த வரியை நீக்கிவிடுவார்கள். நாங்கள் சொன்ன பிறகு அவர் நீக்கிவிட்டார். மற்றொன்று தங்களிடமே கேட்பது: தங்கள் விளம்பரப் பக்கங்களில் இத்தகைய விருந்துக்கு இடம் தராதீர்கள்.

அந்த ஓலைப்பெட்டி இப்போது எங்கள் பட்டாசல் உத்திரத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்து, உள்ளே என்ன பெயர் என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்கள். தை பிறந்தால் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
பாளையங்கோட்டை.