சொல் வட்டத்தின் ஆண்டறிக்கை: இறக்கையும் துடுப்பும் பீலியும்

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு 10 கூட்டங்கள் நடந்தன. மழை மாதங்கள் இரண்டில் கூட முடியவில்லை. எடுத்துக்கொண்ட வேலை ஒன்றுதான்: உயிரினங்களிலும் வண்டிகளிலும் இறக்கை போலவும் மீன் துடுப்பு போலவும் நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்களின் பெயர்களைத் திரட்டுவது.

முதல் கூட்டத்திலேயே துடுப்பில் சிக்கிக்கொண்டோம். பள்ளிப் பாடத்தில் மீனுக்குத் துடுப்பு. நம் மீனவ உறுப்பினர்களுக்கோ துடுப்பு என்றால் படகு வலிக்கிற கட்டை. மீனுக்கு இருப்பது இறக்கை. தமிழ் விவிலியமும் அவர்கள் பக்கம்தான். லேவியராகமம் 11ஆம் அதிகாரத்தில், தின்னத் தகுந்த மீன்களுக்குச் ‘சிறகும் செதிளும்’ இருக்க வேண்டும் என்று வருகிறது. பறவைக்கோலா மீனை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை விட்டு எழும்பி, மார்புப் பக்கத்து இறக்கை இரண்டையும் விரித்தபடியே சறுக்கிக்கொண்டு போகும். அதைத் துடுப்பு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பறவை என்று பெயர் வைத்தவர் பார்த்த காட்சியே அதில் போய்விடுகிறது.

சுறாவின் இறக்கைக்கு வேறு சொல்: பீலி. ‘பீலிபெய் சாகாடும்’ என்ற குறளில் வண்டியில் ஏற்றிய மயிலிறகும் பீலிதான். மயிலின் சொல் சுறாவுக்கு வந்தது இந்த ஆண்டு எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி. சுறாப்பீலி ஏற்றுமதிக்கு 2015இல் இந்திய அரசு தடை விதித்துவிட்டதால், பிள்ளைகள் காதில் இந்தச் சொல் இனி அதிகம் விழாது. அதனால் அதை முதலில் பதிவு செய்தோம்.

அப்புறம் வண்டிகள். பறவையின் இறக்கையை விமானத்துக்குக் கொடுத்ததில் யாருக்கும் மறுப்பில்லை. வாலில் செங்குத்தாக நிற்கும் பாகத்துக்குத்தான் இரண்டு கூட்டங்கள் பேசினோம். அதன் பின்விளிம்பில் அசைவது சுக்கான். கப்பலிலிருந்து வந்த சொல், சரி. அசையாத பாகத்தை ‘வால் துடுப்பு’ என்றார் ஓர் ஆசிரியர். துடுப்பு தள்ளுவதற்கு, இதுவோ விமானத்தின் மூக்கு பக்கவாட்டில் அலையாமல் பிடித்துவைப்பது. ‘வால் இறக்கை’ என்பதே என் விருப்பம். முடிவு இன்னும் எடுக்கவில்லை.

பிரீமியர் பத்மினி காரின் பின்பக்க ஓரத்தில் எழும்பி நிற்கும் கூர்முனைக்கும் அதே பெயரைத்தான் கேட்கிறேன். அந்தப் பாணி 1948 காடிலாக் காரில் தொடங்கியது. அதன் வடிவமைப்பாளர்கள் பார்த்து வரைந்தது பி-38 போர் விமானத்தின் வாலை. சக்கரத்தின் மேல் தகட்டை ஆங்கிலேயர் இறக்கை என்பார்கள். நம் பட்டறைகளில் மட்கார்டு. அது அப்படியே இருக்கட்டும். புல்லட் சிலிண்டரைச் சுற்றிச் சூடு தணிக்க அடுக்கடுக்காக உள்ள தகடுகளுக்கு நம் மெக்கானிக் உறுப்பினர் சொல்லும் ‘ஃபின்’ என்பதையே எழுதிக்கொண்டோம்.

யாழ்ப்பாணத்தார் இறக்கையைச் சொல்லும் ‘செட்டை’ பட்டியலில் ஏறிவிட்டது. வௌவாலும் ஈசலும் அடுத்த ஆண்டுக்கு. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.