சுப்ரீம்ஸ் என்றால் மூன்று பேர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மூன்று பெண்கள் பாடிய அமெரிக்கக் குழுவான சுப்ரீம்ஸின் 'வேர் டிட் அவர் லவ் கோ' ஆல்பம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1964இல் டெட்ராய்ட்டில் இருந்து வந்த ஒரு சோல் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைவகை) ஆல்பத்துக்குத் தமிழ்ப் பத்திரிகை இரண்டு பக்கம் ஒதுக்கியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் கட்டுரை முழுக்க முன்னணிப் பாடகி டயானா ராஸ்தான். ஃபிளாரன்ஸ் பேலர்டும் மேரி வில்சனும் 'பின்னணிப் பாடகிகள்' என்று ஒரே வரியில் முடிந்துவிட்டார்கள். அதை அப்படியே விட மனம் வரவில்லை. ஆல்பத்தை மறுபடி முழுதாகக் கேட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அந்தக் குழுவுக்கு சுப்ரீம்ஸ் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்ததே ஃபிளாரன்ஸ்தான். 1959இல் பிரைமெட்ஸ் என்ற பெயரில் பாடத் தொடங்கிய பெண்களுக்கு, 1961இல் டெட்ராய்ட்டின் மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனியில் ஒப்பந்தம் ஆகும்போது புதுப்பெயர் தேவைப்பட்டது. மற்றவர்களுக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை. அதன்பின் மூன்று வருடம் பெரிய வெற்றி எதுவும் வரவில்லை. 'ஹிட் இல்லாத சுப்ரீம்ஸ்' என்று கம்பெனிக்குள்ளேயே பேசினார்கள்.

தலைப்புப் பாட்டும் இவர்களுக்காக எழுதியது இல்லை. மோட்டவுனின் பாடலாசிரியர்களான ஹாலண்ட், டோஜியர், ஹாலண்ட் மூவரும் அதை முதலில் அங்கேயே இருந்த இன்னொரு பெண்கள் குழுவான மார்வலெட்ஸிடம் கொண்டுபோக, அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். இவர்களுக்கும் பிடிக்கவில்லை, வேறு வழியில்லாமல் பாடினார்கள். டயானா வழக்கமாகப் பாடும் சுருதியைவிடத் தாழ்த்திப் பாட வேண்டியிருந்தது. பின்குரல்களுக்கு டோஜியர் நினைத்திருந்த சிக்கலான அமைப்பு சரிவராமல், கடைசியில் 'பேபி, பேபி' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். கட்டுரையாளர் அந்த 'பேபி, பேபி'யை வெறும் நிரப்பல் என்று நினைத்திருக்கிறார். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 'நம் காதல் எங்கே போனது' என்று டயானா கேட்பது விட்டுப்போனவனிடம். அவன் பதில் சொல்லப் போவதில்லை. பக்கத்திலிருந்து பதில் தருவது மேரியும் ஃபிளாரன்ஸும் மட்டும்தான். அந்த இரண்டு குரலையும் எடுத்துவிட்டால் அழுகை மிஞ்சும், பாட்டு மிஞ்சாது.

'கம் சீ அபவுட் மீ' இன்னும் நல்ல உதாரணம். தூரத்திலிருந்து நெருங்கி வருவதுபோல டிரம்ஸ் மெல்ல மெல்லப் பெரிதாகி வர, டயானா தொடங்குகிறார். பல்லவியில் மற்ற இருவரும் வந்து சேர்ந்த பிறகுதான் அந்த அழைப்புக்கு ஒரு வலு வருகிறது. இதையும் 'பேபி லவ்'வையும் சேர்த்தால், இந்த ஒரே ஆல்பத்திலிருந்து மூன்று பாடல்கள் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தன, அதுவும் ஒரே வருடத்தில்.

அந்த மூன்றைத் தவிர மீதியெல்லாம் கேட்கத் தேவையில்லை என்ற கட்டுரையாளரின் கருத்துக்கு வருகிறேன். ஒன்றிரண்டு பாடல்கள் சுமார்தான், 'யுவர் கிஸ் ஆஃப் ஃபயர்' எனக்கும் மனதில் நிற்கவில்லை. ஆனால் ஸ்மோக்கி ராபின்சன் எழுதிய 'எ பிரெத்டேக்கிங் கை'யைத் தயவுசெய்து கேட்டுப்பாருங்கள். 1963இலேயே தனி சிங்கிளாக வந்தது. பல்லவியில் மூன்று பெண்களும் ஆளுக்கொரு துண்டாக வாங்கி வாங்கிப் பாடுகிறார்கள். எல்லாப் பாட்டுக்கும் ஒரே முன்குரல் என்று மோட்டவுன் முதலாளி பெர்ரி கார்டி முடிவு செய்வதற்கு முன் இந்தக் குழு எப்படி இருந்தது என்பது அதில் பதிவாகியிருக்கிறது. இப்படிப்பட்ட பாட்டைத் தள்ளிவிட்டுப் போகலாமா?

அப்புறம் வாத்தியக்காரர்கள். டெட்ராய்ட்டின் மேற்கு கிராண்ட் பூல்வார்ட் சாலையில் ஒரு வீட்டை ஸ்டுடியோவாக்கி அங்கேதான் இதெல்லாம் பதிவானது. பாஸ் கிட்டாரில் ஜேம்ஸ் ஜேமர்சன், டிரம்ஸில் பென்னி பெஞ்சமின், கீபோர்டில் ஏர்ல் வான் டைக் என்று ஃபங்க் பிரதர்ஸ் குழு உழைத்த இடம். தலைப்புப் பாட்டின் நடுவில் வரும் சாக்ஸஃபோன் மைக் டெர்ரியுடையது. தொடக்கத்தில் தட் தட்டென்று கேட்கும் ஓசை பலகைகளின் மேல் காலால் மிதித்து எழுப்பியது; மிதித்தவர் மைக் வல்வானோ. 1971 வரை மோட்டவுன் தன் ஆல்பம் உறைகளில் ஃபங்க் பிரதர்ஸின் பெயரைப் போடவே இல்லை. அவர்கள்தான் போடவில்லை, நாமாவது போடலாமே.

ஃபிளாரன்ஸ் 1967இல் குழுவைவிட்டு வெளியேற வேண்டிவந்தது. அதே வருடம் குழுவின் பெயருக்கு முன்னால் டயானாவின் பெயர் ஏறியது. வறுமையில் வாடி, 1976இல் 32 வயதில் ஃபிளாரன்ஸ் இறந்துபோனார். மேரி 1977 வரை குழுவைவிடாமல் நடத்தி, 2021இல் காலமானார். டயானாவின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. 'பேபி லவ்'வை அவரைத் தவிர யாராலும் அப்படிப் பாடியிருக்க முடியாது.

அடுத்த இதழில் ஃபிளாரன்ஸையும் மேரியையும் பற்றி ஒரு பக்கமாவது எழுதச் சொல்லுங்கள். அதற்கு இடமில்லை என்றால், கட்டுரையோடு வந்த படத்தை மறுபடி வெளியிட்டு, இடமிருந்து வலமாக மூவர் பெயரையும் கீழே அச்சிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
திருச்சி