பென்கி எப்படிப் பியெட்ஸி ஆனது?

அன்புள்ள நண்பா,

லிதுவேனிய மொழி சமஸ்கிருதத்திலிருந்து பிறந்ததாமே என்று கேட்டிருந்தாய். இல்லவே இல்லை. நெருப்புக்கு உக்னிஸ், கடவுளுக்கு தியெவஸ் என்றதும் அக்னியும் தேவனும் நம் காதில் ஒலிப்பதால் வரும் மயக்கம் அது. இரண்டும் ஒரு மூதாதை மொழியின் தனித்தனிக் கிளைகள். லிதுவேனியம் பழைய விகுதிகளை விடாமல் வைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், லிதுவேனியத்தோடு ஒரே பால்டிக் கிளையில் நிற்கும் லாட்வியம்தான் ருசியானது. ஐந்துக்கு லிதுவேனியத்தில் பென்கி, லாட்வியத்தில் பியெட்ஸி. ஒட்டே இல்லாததுபோல் தெரிகிறதா? இரண்டு விதிகள் போதும். இகர எகரத்துக்கு முன் வரும் 'க்', 'ட்ஸ்' ஆகும். கண்ணுக்கான அக்கிஸ் அட்ஸ் ஆனது இப்படித்தான். மெய்க்கு முன் நிற்கும் 'என்' மூக்கொலியை இழந்து 'இயெ' ஆகும். அதே வழியில் 'அன்' 'உவொ' ஆகும்: கை அங்கே ரன்கா, இங்கே ருவொகா. கடைசி அசையும் தேயும். ஓநாய்க்கான வில்கஸ் சுருங்கி வில்க்ஸ். அழுத்தம் முதல் அசைக்கு நகர்ந்ததற்குப் பக்கத்திலிருந்த, ஃபின்னிஷுக்கு உறவான லிவோனிய மொழியைக் காரணம் காட்டுவார்கள்.

விதி பொய்க்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும். கல்லாக இறுகிய மரப்பிசினான அம்பருக்கு லாட்வியச் சொல் ஜின்டர்ஸ். விதிப்படி 'ன்' போயிருக்க வேண்டும், போகவில்லை. ஏனென்றால் அது மேற்கு லாட்வியாவில் இருந்து அழிந்துபோன கூர்லாந்துக்காரர் மொழியிலிருந்து வந்த சொல். நான்குக்கான செத்ரியில் 'ட்ஸ்' வராமல் 'ச' வந்ததும் ரஷ்யம் போன்ற ஸ்லாவிய மொழிகளின் தாக்கம். இவற்றைக் காட்டி விதியே தவறு என்பவர்கள் உண்டு, கேட்காதே.

லாட்வியத்தில் 'ஷ' 'ஸ' ஆன காலத்தைக் கணிக்க, பால்டிக் மொழிகளிடம் சொற்களைக் கடன் வாங்கிய ஃபின்னிஷ் உதவுகிறது. வைக்கோலுக்கு லிதுவேனியத்தில் ஷியெனஸ், லாட்வியத்தில் ஸியென்ஸ், ஃபின்னிஷில் ஹெய்னா. உறைபனிக்கு ஷல்னா, ஸல்னா, ஹல்லா. ஃபின்னிஷில் பழைய 'ஷ'தான் பின்னாளில் 'ஹ' ஆனது. 'ஸ' அப்படி ஆவதில்லை. ஆகவே கடன் வாங்கிய நாளில் பால்டிக் வாயில் 'ஷ' இருந்திருக்க வேண்டும். முதல் லிதுவேனிய நூலை மாஜ்வீதஸ் கோனிக்ஸ்பெர்க்கில் அச்சிட்டது 1547இல்தான். இந்தக் கடன் அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது.

இதே கிளையில் அழிந்துபோன பழைய பிரஷ்ய மொழிக்கு மிஞ்சியது சொற்பம்: எல்பிங் சொற்பட்டியல் என்ற ஜெர்மன்-பிரஷ்யப் பட்டியலில் 802 சொற்கள், 1545இல் இரண்டும் 1561இல் ஒன்றுமாக மூன்று ஞானோபதேச நூல்கள், வேறு சில துண்டுகள். மொழி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1709 வாக்கில் வந்த கொள்ளைநோயோடு அடங்கியது. எழுதியவர்கள் ஜெர்மானியர் காதுக்குப் பட்டபடி ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் எழுதினார்கள். நிலத்துக்கு 'ஸமே' என்று இருக்கும். லாட்வியச் சொல்லான ஸெமெயில் அந்த முதலெழுத்து குரல் அதிர்வோடு ஒலிக்கும். அதிரும் ஒலிக்கும் அதிராத ஒலிக்கும் ஜெர்மன் எழுத்து ஒன்றே என்பதால், எழுத்தை அப்படியே ஒலியாக எடுத்தால் கணக்கு தப்பும்.

ஸ்லாவிய உறவைப் பற்றியும் கேட்டிருந்தாய். அது தனிச் சண்டை, அடுத்த கடிதத்துக்கு வைத்திருக்கிறேன். அதற்குள் மேலே சொன்ன விதிகளை வைத்து, ஜன்னலுக்கான 'லன்கஸ்' லாட்வியத்தில் என்ன ஆகும் என்று நீயே போட்டுப் பார்த்து எழுது.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்