எர்மோ

அன்பு மகளுக்கு,

மிளகாய்த்தூள் வந்து சேர்ந்ததா? வந்தது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். மூன்று வாரமாக உன்னிடமிருந்து வருவது 'சுகம்' என்ற ஒரே சொல். சலமன்காவில் குளிர் தொடங்கியிருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

செப்டம்பர் 4 அன்று வழமைபோல் நம் பலேர்மோவின் பெல்லெக்ரீனோ மலைக்கு வெறுங்காலுடன் ஏறினோம். அப்பாவுக்குப் பாதி வழியிலேயே முழங்கால் பிடித்துக்கொண்டது. குகையில் புனித ரொசாலியாவிடம் உன் பெயரைத்தான் சொன்னேன். அங்கே நிற்கும்போது, லிசேயோ உயர்பள்ளியில் படித்த காலத்தில் நீ சமையலறையில் எனக்கு எடுத்த பாடம் நினைவுக்கு வந்தது. கிரேக்கத்தில் 'எரேமோஸ்' என்றால் ஆளற்றது. லத்தீன் அதை 'எரேமுஸ்' என்று வாங்கிக்கொண்டது. இத்தாலியக் கவிஞர் லெயோபார்தி 1819இல் தன் ஊர்க் குன்றை 'எர்மோ' என்றார். ஸ்பானியர் வாயில் அதுவே 'யெர்மோ', பயிரேறாத தரிசு. "தனித்திருக்கும் துறவியை எரேமீத்தா என்பதும் அதிலிருந்துதான் அம்மா. உங்கள் ரொசாலியாவும் எரேமீத்தாதான்" என்றாய். மறுநாள் நான் தரை துடைக்கும் வீட்டில், என் மகள் எனக்கு லத்தீன் படிப்பிக்கிறாள் என்று பெருமையடித்தேன்.

உன் அறைத்தோழி போய்விட்டாள் என்று மாமி சொன்னார். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. தனியாக இருப்பவர்கள் சமைப்பதில்லை, அதனால் சொல்கிறேன், சோறாவது வை. சொல்லுக்கு வேர் தோண்டத் தெரிந்தவளுக்குத் தாய்க்கு ஒரு போன் எடுக்கத் தெரியவில்லை.

ரொசாலியாவின் எலும்பை 1624இல் கொள்ளைநோய் வந்தபோதுதான் கண்டெடுத்தார்கள். இப்போது ஆண்டுதோறும் தேர் இழுக்கிறார்கள். அந்தப் பிள்ளை குகையில் கிடந்த காலத்தில் யாராவது கஞ்சி கொண்டுபோனார்களா?

நான் யாரைக் கேட்பது! உனக்கு ஒன்பது வயதில், அந்தக் கிழவியைப் பார்க்கும் இரவு வேலைக்குப் போனேன். அப்பா உணவகத்தில் பாத்திரம் கழுவி முடித்து வர இரவு ஒரு மணியாகிவிடும். கதவைத் திறக்காதே, ரொசாலியா பார்த்துக்கொள்வாள் என்று சொல்லிப் பூட்டுவேன். நீ ஒருநாளும் அழவில்லை. கெட்டிக்காரி என்று எல்லாரிடமும் சொன்னேன். ஒருநாள் படியில் நின்று காது கொடுத்தேன். உள்ளே நீ இரண்டு குரலில் பேசிக்கொண்டிருந்தாய், கேள்வியும் நீயே, பதிலும் நீயே. நான் திரும்பி ஏறவில்லை. பஸ் போய்விடும் என்று இறங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை எனக்கு வேலையில்லை. பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் எடு. தூளை ஈரம் படாத இடத்தில் வை.

அம்மா