நடைபாதை யாருடைய தோட்டம்?

ஆசிரியருக்கு,

அண்ணா நகரில் நிலத்தின் விலையைச் சொன்னால், ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்குத் தலை சுற்றுகிறது. எனக்கோ நடைபாதையைப் பார்த்தால் சுற்றுகிறது. அகலமான அவென்யூக்களும் பூங்காக்களுமாகத் திட்டமிட்டு உருவாக்கிய பகுதி இது. 1968 உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரம் இன்றும் பூங்காவில் நிற்கிறது. ஆனால் பால் வாங்கப் போகும் என் மனைவி நடுரோட்டில்தான் நடக்கிறார்.

எங்கள் தெருவில் ஒருவர் நடைபாதையில் குரோட்டன்ஸ் வளர்த்து, சுற்றிலும் கம்பி வேலியும் போட்டுவிட்டார். பக்கத்து வாசலில் காவலாளியின் நாற்காலி. அதற்கடுத்த வீட்டில் கார் ஏற ஒரு சிமென்ட் சரிவு. கால்வாசி சாலையை அதுவே விழுங்கிவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் அதன் ஓரமாகத் தேங்கி நிற்கிறது. சரி, நடவடிக்கையே இல்லையா என்றால், உண்டு. முனையிலிருந்த தள்ளுவண்டி இட்லிக் கடையை 'ஆக்கிரமிப்பு' என்று ஒரே காலையில் லாரியில் ஏற்றிவிட்டார்கள். அந்த அம்மாவாவது ஆள் நடக்க இரண்டடி விட்டிருந்தார்!

அடுத்த முறை லாரி வரும்போது, அந்தக் குரோட்டன்ஸ் தொட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போகட்டும்.

– ஒரு வாசகர், அண்ணா நகர், சென்னை