வைஃபையைக் காணோம் மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் இந்த முறை சோம்பல் இல்லை, லேப்டாப். கடைக் கம்ப்யூட்டரில் ஓடுகிற டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தாய். முதலில் என் மெஷினில் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இறங்கினேன். மூன்று நாள் கழித்துத்தான் கரையேற முடிந்தது.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேப்பரில் வரி விளம்பரம் வரைக்கும் படித்து எனக்குச் சொல்கிறாள். நீ கொடுத்தனுப்பிய கண்டாங்கிச் சேலையின் கட்டமே இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறதாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னுடையது 2013-ல் வாங்கிய லேப்டாப், அதில் டெபியன் 11 ஓடிக்கொண்டிருந்தது. 2025 ஆகஸ்டில் 13 வந்துவிட்டது. ஆனால் டெபியனில் ஒரு படியை விட்டுத் தாண்ட வழியில்லை. 11-லிருந்து 12, அதற்கப்புறம்தான் 13. சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு 12-க்கு ஆரம்பித்தேன். முடியும்போது மணி பன்னிரண்டு. ரீஸ்டார்ட் செய்ததும் திரை, ஒலி எல்லாம் ஒழுங்காக வந்தன. வைஃபை மட்டும் இல்லை. சிக்னல் இல்லை, பாஸ்வேர்டு தப்பு என்று ஏதாவது சொன்னால்கூடப் பரவாயில்லை. அப்படி ஒரு சாதனமே இந்த மெஷினில் கிடையாது என்பதுபோல ஓரத்திலிருந்த அந்தக் குறியையே காணோம்.

எனக்கு உடனே உங்கள் அண்ணன் வீட்டு மோடம்தான் ஞாபகம் வந்தது. 2006-ல் உபுண்டு 6.06 என்ற லினக்ஸ் சிடி தபாலில் இலவசமாக வந்ததும் கொண்டாட்டமாகப் போட்டுவிட்டு, இன்டர்நெட் வராமல் விடிய விடிய உட்கார்ந்திருந்தோமே! பாதி வேலையை விண்டோஸ் டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) தலையில் கட்டிய வின்மோடம் அது என்று நமக்கு அப்போது தெரியாது. போன் வயரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாய்.

இந்தத் தடவை கொஞ்சம் புத்தியோடு பார்த்தேன். மெஷினுக்குள் இருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை ‘கே’ சேர்த்து அடித்தால் ஒவ்வொரு கார்டுக்கும் எந்த டிரைவர் வேலை செய்கிறது என்று காட்டும். வைஃபை கார்டின் பெயர் இருக்கிறது, அதன் கீழே டிரைவர் வரி இல்லை. மெஷின் கிளம்பும்போது வரும் க்ரப் மெனுவில், 11-ல் இருந்த பழைய 5.10 கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) தேர்ந்தெடுத்து மறுபடி ஏற்றினேன். வைஃபை வந்துவிட்டது! அதே கார்டு, அதே டெபியன் 12, கெர்னல் மட்டும் பழசு. புதிய 6.1-ல் போனால் திரும்பக் காணோம்.

லினக்ஸ் கெர்னலின் உட்புற அமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும். மாறாமல் வைத்திருப்போம் என்று யாரும் உறுதி கொடுப்பதில்லை; ஏன் கொடுப்பதில்லை என்று கெர்னலைப் பராமரிப்பவர்களில் ஒருவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய விளக்கம் கெர்னலின் ஆவணங்களோடேயே இருக்கிறது. கெர்னலுக்குள் இருக்கும் டிரைவருக்குக் கவலை இல்லை. உள்ளே ஒன்றை மாற்றுகிறவரே அதை நம்பியிருக்கும் டிரைவர்களையும் திருத்திவிட வேண்டும். வெளியே இருப்பதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என் வைஃபை டிரைவர் வெளியே இருக்கிற ரகம், அதிலும் பாதி, மூல நிரலைத் தராத, திறக்க முடியாத பொட்டலம். ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் டிகேஎம்எஸ் என்கிற கருவி அதைப் புதிதாகக் கட்டித் தரும். கட்டுவதற்கு அந்தக் கெர்னலின் உள்ளமைப்பைச் சொல்லும் ஹெடர் கோப்புகள் வேண்டும்.

இங்கேதான் என் தவறு. 11-ஐ நிறுவியபோது, கெர்னலைத் தொடர்ந்து வருகிற பொதுவான ஹெடர் பேக்கேஜைப் போடாமல், அந்த ஒரு பதிப்புக்கான ஹெடரை மட்டும் போட்டு வைத்திருந்தேன். 6.1 வந்தது, அதன் ஹெடர் வரவில்லை. டிகேஎம்எஸ் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறது. நூற்றுக்கணக்கான வரி ஓடுகிற இடத்தில், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, எவன் படித்தான்?

போனை யுஎஸ்பி வயரில் சொருகி, போனின் நெட்டை லேப்டாப்புக்குத் தரும் டெதரிங் போட்டேன். அதற்கான டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருப்பதால் சொருகியதும் நெட் வந்தது. அந்த ஹெடர் பேக்கேஜ் ஒன்றை இறக்கிப் போட்டதும் வைஃபையும் வந்துவிட்டது.

இன்னொன்றையும் கவனி. 12-லிருந்து ஃபர்ம்வேருக்கென்று (சாதனத்துக்குள்ளேயே ஓடுகிற மென்பொருள்) ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ என்று தனிப் பிரிவு வைத்துவிட்டார்கள். 2022-ல் வாக்கெடுப்பு நடத்தி, நிறுவும் சிடியிலேயே ஃபர்ம்வேரைச் சேர்ப்பது என்று முடிவெடுத்ததன் தொடர்ச்சி அது. பேக்கேஜ்களை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் பழைய சோர்சஸ் பட்டியலில் இந்தப் பிரிவைச் சேர்க்காவிட்டால் பழைய ஃபர்ம்வேரே தங்கிவிடும், புதியது வராது. மூல நிரலைத் தராத மூடிய மென்பொருள் எதையும் தொடமாட்டேன் என்று ஒரு காலத்தில் உன்னிடம் சண்டை போட்டவன்தான் நான். இந்த முடிவு சரி என்றே இப்போது தோன்றுகிறது. சிரிக்காதே.

அதோடு நான் விடவில்லை. அடுத்த பதிப்பிலும் அந்த டிரைவர் ஒழுங்காகக் கட்டுமா என்று எத்தனை தடவை பயப்படுவது? காந்திபுரத்தில் பழைய உதிரி விற்கிற ஒரு கடையில் 450 ரூபாய்க்கு அதெராஸ் சில்லு போட்ட கார்டு ஒன்று வாங்கினேன். அதன் டிரைவர் ஆத்9கே, கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. தனி ஃபர்ம்வேர்கூடக் கேட்காது. மாற்றுவதுதான் பாடு. கருப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என இரண்டு ஆன்டெனா வயர். நுனியில் கடுகளவு பித்தளைத் தொப்பி. அதைக் கார்டின் மேல் நேராக உட்காரவைத்து நகத்தால் அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். எனக்கு ஏழாவது தடவைதான் வந்தது. அம்மாவைப் பிடித்துத் தரச் சொன்னேன், புதுக் கண்ணாயிற்றே! அதன்பின் 13-க்குப் போனபோது எதுவும் கெடவில்லை. சில லேப்டாப்களின் பயாஸ் (மெஷினைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்) வேறு கார்டை ஏற்காதாம், என்னுடையது ஏற்றுக்கொண்டது.

இனி உன் கடை. முதலில் பிராசசர் விவரம் காட்டும் எல்எஸ்சிபியூ கட்டளையை அடித்துப் பார். 64 பிட் என்று எங்கேயும் வராவிட்டால் 13-ஐ மறந்துவிடு, அதில் 32 பிட் பெட்டிகளுக்குக் கெர்னலே கிடையாது. 12-லேயே இரு, 2028 ஜூன் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். 64 வந்தால், எல்எஸ்பிசிஐ காட்டுவதை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பி. பழைய கெர்னலை மட்டும் அவசரப்பட்டு நீக்கிவிடாதே.

எனக்குப் பயம் உன் லேசர் பிரிண்டர் மேல்தான். சில மாடல்களுக்குத் தயாரித்தவர்கள் தரும் மூடிய பிளகின் ஒன்று தேவை. டிரைவர் பதிப்பு மாறினால் அதையும் திரும்பப் போட வேண்டும். பிரிண்டரின் பின்பக்கத்து ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்கிற வரை கடைக் கம்ப்யூட்டரில் கை வைக்காதே. கல்யாணப் பத்திரிகை சீசன் வேறு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்