மலைப்பாம்புக்கு இரை தேடும் முன் இனம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை பிடித்ததும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கத்து ரப்பர் தோட்டங்களில் மலைப்பாம்பு பிடிபட்ட செய்திகள் வரத் தொடங்கும். கூடவே, “தெரிந்தவர் ஒரு குட்டி மலைப்பாம்பு தந்தார், என்ன தின்னக் கொடுக்கலாம்?” என்ற விசாரிப்பும் வரும். எங்கிருந்து வந்தது என்று தந்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. என்ன இனம் என்று தெரியாமல் இரையைப் பற்றிப் பேசவே முடியாது என்பதால் இதை எழுதுகிறோம்.

முதலில் உயிர் போகும் விஷயம். நம் மாவட்டத்தில் மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையால் தூக்கப்படுவது பல நேரம் கண்ணாடி விரியன். விரியனின் முதுகில் கறுப்பு விளிம்பு கட்டிய நீள்வட்டப் புள்ளிகள் சங்கிலி கோத்ததுபோல் மூன்று வரிசையாக ஓடும். செதில்கள் சொரசொரப்பாக, மங்கலாக இருக்கும். மலைப்பாம்பின் திட்டுகளில் அந்த ஒழுங்கு இருக்காது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஓரம் கோணல்மாணல். செதில்கள் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். இதைப் பார்க்கப் பாம்பைத் தொட வேண்டாம். இரண்டு மீட்டர் தள்ளி நின்று கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். வால் சட்டென்று குட்டையாக முடிந்து, கண் சிறிதாக, வால் பக்கத்துச் செதில் அரம்போல் இருந்தால் அது மண்ணுளி வகை. அதையும் இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

மலைப்பாம்புதான் என்று உறுதியானால் அடுத்து மேலுதட்டைப் பாருங்கள். வெப்பம் உணரும் குழிகள் அங்கே இருக்கும். நம் மலைப்பாம்புக்கு மூக்கு நுனிச் செதிலிலும் அதை அடுத்த இரண்டு உதட்டுச் செதில்களிலும் குழி உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து வளர்ப்புக்கு வரும் பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பு இனத்துக்கு நுனிச் செதிலையடுத்து நான்கு செதில்கள் வரை குழி வரிசையாகத் தெரியும். மஞ்சள், வெள்ளை என்று நிறம் மாற்றி இனப்பெருக்கம் செய்த குட்டிகளில் உடல் திட்டை நம்ப முடியாது. குழி மாறாது. உருவமும் உதவும். பால் பைத்தான் குட்டையாக, தடிப்பாக, மெல்லிய கழுத்தோடு இருக்கும். முழு வளர்ச்சியிலும் நாலைந்து அடிதான். நம் மலைப்பாம்பு முட்டையிலிருந்து வரும்போதே ஏறக்குறைய இரண்டடி இருக்கும்.

பர்மா மலைப்பாம்புதான் குழப்பும். தலைமேல் உள்ள அம்பு முனைக் குறி அதில் மூக்கு வரை தெளிவாக இருக்கும். நம்முடையதில் கண்ணுக்கு முன்னால் மங்கி, தலையின் முன்பகுதி இளஞ்சிவப்பாகத் தெரியும். இன்னும் நம்பகமான அடையாளம் கண்ணுக்குக் கீழே இருக்கிறது. மேலுதட்டுச் செதில் ஒன்று நேராகக் கண்ணைத் தொட்டால் நம் நாட்டு மலைப்பாம்பு. நடுவில் சின்னச் செதில் வரிசை ஒன்று தடுத்தால் பர்மா.

நம் மலைப்பாம்பு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்திருந்தால் 3 முதல் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். “ஆசையாய் வளர்த்தேன்” என்பது சட்டத்தின் முன் நிற்காது. எனவே அதற்கு இரை கொடுக்கும் கேள்வியே இல்லை. குலசேகரம், களியல், வேளிமலை, பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம் என எது அருகிலோ அந்த வனச்சரக அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை பட்டினியாகவே இருக்கட்டும். வயிறு நிறைந்த பாம்பைத் தூக்கிக்கொண்டு போனால் வழியிலேயே கக்கிவிடும். பால் பைத்தான் வெளிநாட்டு இனம். ஆனாலும் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி அதையும் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். புதிதாகக் கைக்கு வந்தால் 30 நாள்தான் கெடு. கடத்தி வந்த குட்டியாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மறைக்காமல் வனத்துறையிடம் சொல்வதே நல்லது.

இனி, முறையாகப் பதிந்து வளர்ப்பவர்களுக்கு. பெயரில் உள்ள ‘பால்’ பந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். பயந்தால் தலையை நடுவில் ஒளித்துப் பந்துபோல் சுருளும். பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தயவுசெய்து கிண்ணத்தில் பால் வைக்காதீர்கள், பாம்புக்கு அது செரிக்காது. கோழிக்கறித் துண்டும் வேண்டாம். எலும்பு, ஈரல், குடல் எல்லாம் சேர்ந்த முழு இரைதான் அதற்கு உணவு.

வந்த முதல் ஒரு வாரம் ஒன்றும் கொடுக்காமல் விடுங்கள். பிறகு சமையலறைத் தராசில் எடை பாருங்கள். 500 கிராம் வரை உள்ள பாம்புக்கு அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் எடையுள்ள இரை, வாரம் ஒருமுறை. 300 கிராம் பாம்பென்றால் 30 முதல் 45 கிராம் எலி. வளர்ந்ததற்கு 5 முதல் 7 சதவீதம், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. இரையின் பருமன் பாம்பு உடலின் மிகத் தடித்த இடத்தை ஒட்டியிருந்தால் சரி.

வளர்ப்பு வெள்ளெலியை உறையவைத்துக் கொடுப்பதே பாதுகாப்பு. உயிரெலி கூட்டுக்குள் பாம்பைக் கடித்துக் குதறும். வீட்டிலோ தோப்பிலோ பொறியில் விழுந்த எலியின் வயிற்றில் எலிமருந்து இருக்கலாம். அது பாம்பையும் கொல்லும். உறைந்த எலியை முந்தின இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, மறுநாள் அந்தியில் பாலித்தீன் உறையில் கட்டி, கை பொறுக்கும் வெந்நீரில் கால் மணி நேரம் போடுங்கள். வயிற்றை விரலால் அழுத்தினால் உள்ளே கட்டி தட்டக் கூடாது. நடுவில் பனி நின்றால் இரை செரிக்கும் முன் அழுகும், பாம்பு கக்கும். எலியின் தலை மற்ற பாகத்தைவிடச் சூடாக இருக்கட்டும். அந்தச் சூட்டைத்தான் உதட்டுக் குழி தேடும். நீண்ட இடுக்கியால் பிடித்து மெல்ல அசையுங்கள். மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் பாதி வெந்து வயிறு வெடிக்கும். தின்ற பின் இரண்டு மூன்று நாள் பாம்பைத் தொடாதீர்கள்.

கக்கிவிட்டால் பதறி மறுநாளே ஊட்டுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. பத்து முதல் பதினான்கு நாள் தண்ணீர் மட்டும். பிறகு பாதி அளவு இரை. காரணம் பெரும்பாலும் குளிர். கூட்டின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி, மறுபக்கம் 26 அளவில் இருக்க வேண்டும். ஆனி, ஆடிச் சாரலில் நம் ஊர் இரவு அதற்கும் கீழே போகும், ஏசி அறையானால் சொல்லவே வேண்டாம். கூட்டில் செய்தித்தாள் விரித்தால் போதும். மரமில்லில் மலிவாகக் கிடைக்கும் ரப்பர் மரத்தூள் கூடாது. தூள் இரையோடு வாய்க்குள் போகும், மரத்துக்கு போரான் மருந்தும் ஏற்றியிருப்பார்கள். தென்னைநார்க் கழிவை ஈரமாகப் போட்டு மூடிவைத்தால், நம் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வயிற்றுச் செதில் புண்ணாகும்.

கண் பால்போல் மங்கினால் தோல் உரிக்கப்போகிறது, தின்னாது. காட்டில் பிடித்துவந்த பால் பைத்தான் வெள்ளெலியை இரை என்றே அறியாமல் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். எடை பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கினாலோ, வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

சலித்துப்போய் தேரூர்க் குளத்தங்கரையிலோ பேச்சிப்பாறைக் காட்டிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் கைவிடப்பட்ட பர்மா மலைப்பாம்புகளோடு வந்த நுரையீரல் ஒட்டுண்ணி, அந்த மண்ணின் பாம்புகளையும் பிடித்துக்கொண்டது. நம் மலையடிவாரத்தில் அப்படி ஒன்று நுழைந்தால் திரும்ப எடுக்க வழியில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்து மலைப்பாம்புச் செய்தி வெளியிடும்போது பக்கத்திலேயே கண்ணாடி விரியன் படத்தையும் ஒரே அளவில் போடுங்கள். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகம் மாதம் ஒருநாள், வீட்டில் வைத்திருக்கும் பாம்பின் படத்தைக் கொண்டுவந்து இனம் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி செய்தால், பயந்து ஒளிப்பவர்கள் பாதிப் பேராவது முன்வருவார்கள்.

இப்படிக்கு,
ஊர்வன ஆர்வலர்கள் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.